ட்ரெட்மில் நன்றாக ஓடுகிறது, கவுண்டர்தான் சரியில்லை

வன்னியில், ஏ9 வீதியை ஒட்டிய நகரம் ஒன்றில் இருக்கும் தனியார் இருதயப் பரிசோதனை நிலையத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறை சொல்லப் போகிறேன், அந்தக் குறை இந்த ஒரு இடத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. பரிசோதனைக்கு ஐந்தில் நாலரை கொடுக்கலாம். பரிசோதனை முடிந்து றிப்போர்ட்டோடு வெளியே வரும் மனிசரை அவர்கள் நடத்தும் விதத்துக்கு ஒன்று. சராசரி மூன்றுக்குக் கொஞ்சம் கீழே வருகிறது, அங்கே வேலை செய்யும் மிஸிமாருக்காக மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போனது எனக்காக இல்லை, அத்தானுக்காக. வயது 56, நெடுங்கேணிப் பக்கம் வயல். பிரஷருக்கு லொசாட்டன் குடிக்கிறார், சிகரெட்டை விட்டுக் கனகாலம். காலபோகத்துக்குப் பசளை எறியும் நேரம் யூரியா பையைத் தூக்கிக்கொண்டு வரம்பில் நடந்தால் முந்தி வராத ஒரு இளைப்பு வருகிறது, நின்றால் போய்விடுகிறது, நெஞ்சு நோ என்று ஒன்றும் இல்லை என்றார். அதையும் அவராகச் சொல்லவில்லை, அக்கா கண்டுபிடித்துச் சொன்னது. அரச ஆஸ்பத்திரியில் எடுத்த சாதாரண ஈசிஜி சுத்தமாக இருந்தது. படுத்திருக்கும்போது எடுக்கும் ஈசிஜி நன்றாக இருந்தால் இதயத்துக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை, உழைக்கும்போது இரத்தம் போதாமல் வருவது அதில் தெரியாது என்று சொல்லி, ட்ரெட்மில்லில் நடக்க வைத்து எடுக்கும் எக்சசைஸ் ஈசிஜிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே அதற்கு வரிசை நீளம். அத்தான் வேறு “வெட்டு முடியட்டும் தம்பி, பிறகு பாப்பம்” என்று தொடங்கிவிட்டார், வெட்டு முடிந்தால் சிறுபோகம் வரும், அது முடிந்தால் வேறொன்று வரும். அதனால்தான் காசைக் கொடுத்து வெளியிலேயே செய்வோம் என்று முடிவெடுத்தோம்.

பதிவு செய்யப் போன் எடுத்தால் உடனே எடுக்கிறார்கள், நேரம் தருகிறார்கள், சொன்ன நேரத்துக்கு உள்ளே கூப்பிடுகிறார்கள். நம்ம பக்கத்தில் இது பெரிய விசயம். ஆனால் என்ன உடுத்திக்கொண்டு வருவது, என்ன சாப்பிடலாம், எந்தக் குளிசையை நிறுத்த வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. அத்தான் வெள்ளைச் சாரமும் செருப்புமாக வந்து நின்றார். சாரத்தோடு ட்ரெட்மில்லில் ஏறினால் கால் தடக்கி விழத்தான் வேண்டும். அங்கே ஒரு மிஸி சிரிக்காமல், இது தினமும் நடக்கிற காரியம் என்பதுபோல, அலுமாரியைத் திறந்து ஒரு கால்சட்டையும் பழைய சப்பாத்தும் எடுத்துக் கொடுத்தார். அலுமாரியில் கால்சட்டை வைத்திருப்பவர்கள் போனிலேயே ஒரு வார்த்தை சொல்லலாமே! குளிசை விசயம் இதைவிட முக்கியம். அட்டெனலோல், பிசோப்ரலோல் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து குடிப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனையில் துடிப்பு ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது, றிப்போர்ட் அரைகுறையாகப் போய்விடும். நிறுத்துவதா, எத்தனை நாளைக்கு முன் நிறுத்துவது என்று எழுதித் தந்த வைத்தியரிடமே கேட்க வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது. அத்தானுக்கு அப்படி மருந்து இல்லாததால் தப்பினோம்.

உள்ளே நடந்தது முழுக்கத் திறம். நெஞ்சில் ஒட்ட வேண்டிய இடங்களில் மயிரை வழித்து, துடைத்து, பத்து இடத்தில் ஒட்டினார்கள். முழு நேரமும் ஒரு டொக்டர் பக்கத்திலேயே நின்றார். இதயம் தாறுமாறாகத் துடித்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் டிபிபிரிலேற்றர் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது, நான் அதைத்தான் முதலில் தேடினேன். இந்தப் பரிசோதனையில் உயிராபத்து பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனாலும் டொக்டரும் அந்த மிசினும் இல்லாத இடத்தில் யாரையும் ஏற்றாதீர்கள். புரூஸ் முறை என்ற ஒன்றின்படி மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீற்றர், ஏற்றம் 10 சதவீதம், அடுத்தது 4 கிலோமீற்றர், 12 சதவீதம், மூன்றாவது ஐந்தரை, 14 சதவீதம். அத்தான் எட்டு நிமிடம் நடந்தார். 220இல் வயதைக் கழித்து அதில் 85 சதவீதம் என்பதுதான் இலக்குத் துடிப்பு, அவருக்கு அது 139, அவர் 141க்குப் போனார். இளைத்தது, நெஞ்சு நோ வரவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் “ஐயா, நெஞ்சு இறுக்குதோ? தலை சுத்துதோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இறங்கிய பிறகும் கதிரையில் இருத்தி, கோடுகள் பழைய நிலைக்கு வரும்வரை பார்த்தார்கள். இதுவரைக்கும் நாலரை.

அரை மணி நேரத்தில் றிப்போர்ட் வந்தது. ஒரே ஒரு தாள். ட்ரெட்மில் பொசிட்டிவ், மேலதிகப் பரிசோதனை தேவை. அவ்வளவுதான். டொக்டர் அடுத்த ஆளை ஏற்றப் போய்விட்டார். விளக்கம் சொன்னது கவுண்டரில் இருந்த பிள்ளை.

“அண்ணை, இது பொசிட்டிவ். இண்டைக்கே அஞ்சியோவுக்குப் பதிஞ்சால் கழிவு இருக்கு, கொழும்பில வாற கிழமையே செய்யலாம். ஸ்ரென்ட் போடுறதெண்டாலும் அங்கேயே போடுவினம்.”

அஞ்சியோ என்றால் இதயக் குழாய்க்குள் சாயம் விட்டு அடைப்பைப் படம் எடுப்பது, ஸ்ரென்ட் என்றால் அடைத்த இடத்தைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “இப்ப செய்யாட்டி என்ன நடக்கும் பிள்ளை?”

“அதை நாங்கள் சொல்லேலாது அக்கா. ஆனா ரிஸ்க் எடுக்காதேங்கோ.”

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை, அவவுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவ சொல்கிறா. ஆனால் கழிவு விலை, இன்றைக்கே, ரிஸ்க் என்ற மூன்றையும் ஒன்றாக, இருதய றிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடுங்கும் குடும்பத்திடம் சொல்வது பரிசோதனைச் சேவை இல்லை. புடவைக் கடை தீபாவளிக்குச் செய்வது அது. பதியவில்லை. அத்தானுக்கு அதில் சந்தோசம், பதியாதது காசுக்காக என்று நினைத்துக்கொண்டார்.

கவுண்டரில் யாரும் சொல்லாத விசயத்தை இங்கே சொல்கிறேன், வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு தாள் வந்தால் உதவும். ட்ரெட்மில் ஈசிஜி வருத்தத்தை உறுதிப்படுத்தும் பரிசோதனை இல்லை. பழைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த கணக்கின்படி, இதயக் குழாயில் பெரிய அடைப்பு உள்ள நூறு பேரில் ஏறக்குறைய 68 பேரைத்தான் இது பிடிக்கிறது. அடைப்பு இல்லாத நூறு பேரில் 77 பேருக்குத்தான் சரியாக இல்லை என்கிறது, மிச்ச 23 பேருக்கும் பிழையான பொசிட்டிவ் வந்துவிடும். பெண்களுக்கு இந்தப் பிழை அதிகம். நெடுங்காலப் பிரஷரால் இதயச் சுவர் தடித்தவர்களுக்கும், இரத்தச் சோகை உள்ளவர்களுக்கும், பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும் அடைப்பே இல்லாமல் ஈசிஜியில் கோடு இறங்கலாம், கோடு இறங்குவதைத்தான் பொசிட்டிவ் என்கிறார்கள். அதற்காகத் தாளைத் தூக்கி எறியலாம் என்றும் இல்லை. இளைப்பு உள்ள 56 வயதுப் பிரஷர்காரருக்கு வந்த பொசிட்டிவ்வும், ஒரு குறையும் இல்லாமல் மெடிக்கலுக்காக ஏறிய முப்பது வயதுப் பெடியனுக்கு வந்த பொசிட்டிவ்வும் ஒன்றில்லை. அந்த வித்தியாசத்தை யோசித்துச் சொல்லத்தான் ஒரு டொக்டர் தேவை, அந்த இடத்தில் இவர்கள் கவுண்டரை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது குறை, முழு ஈசிஜிப் பக்கங்களையும் தர மறுத்தது. தாளில் உள்ளது முடிவு மட்டும். கோடு எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது, எத்தனையாவது நிமிடத்தில் இறங்கியது, இறங்கிய பிறகு எவ்வளவு நேரத்தில் திரும்பியது என்பதெல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. கேட்டால் “சிஸ்டத்தில இருக்கு, அது வெளியில குடுக்கிறேல்ல” என்றார்கள். காசு கொடுத்துச் செய்த பரிசோதனை, நம்ம ஆளின் நெஞ்சில் எடுத்த கோடு, அதை ஏன் கொடுக்க மாட்டீர்கள் என்று நின்றேன். பெரியவர் ஒருவர் வந்தார், உள்ளே போனார், வந்தார். கடைசியில் முதலில் கால்சட்டை தந்த அதே மிஸிதான் ஒரு சொல்லும் சொல்லாமல் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தார். அவருக்காகத்தான் அந்த மூன்றாவது நட்சத்திரம்.

பிறகு அரச ஆஸ்பத்திரி இருதய கிளினிக்குக்குப் போனோம். விடியப் போய் நம்பர் எடுத்து, வாங்கில் இருந்து, மத்தியானம் தாண்டித்தான் உள்ளே போக முடிந்தது. அங்கே உள்ள நெரிசலுக்கும் மலசலகூடத்துக்கும் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம், எழுத மாட்டேன். ஏனென்றால் உள்ளே இருந்த டொக்டர் ஒரு தாளைப் பார்த்துவிட்டு “பக்கங்கள் இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார். கொடுத்தேன். பேனாவால் அளந்தார். கோடு ஒன்றரை மில்லிமீற்றர் இறங்கியிருந்தது. அப்புறம் கிளினிக் கொப்பியின் ஓரத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டினார். டியூக் கணக்கு என்பார்களாம். நடந்த நிமிடத்திலிருந்து, கோடு இறங்கிய மில்லிமீற்றரை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். நெஞ்சு நோ வந்தால் நாலு, நோவால் நிறுத்த வேண்டி வந்தால் எட்டு அதற்கு மேலும் கழியும். அத்தானுக்கு 8இல் 7.5 போக அரை. கூட்டல் ஐந்துக்கு மேலே என்றால் ஆபத்துக் குறைவு, கழித்தல் பதினொன்றுக்குக் கீழே என்றால் ஆபத்து அதிகம், இது நடுவில். “நடுவில எண்டால் அடுத்த பரிசோதனை செய்யத்தான் வேணும் ஐயா. ஆனா இரவோட இரவா ஓடத் தேவையில்ல” என்றார். அந்த ஒரு வசனத்துக்கு வெளியில் எவ்வளவு காசும் கொடுத்திருப்போம், அங்கே இலவசமாகக் கிடைத்தது.

அடுத்த பரிசோதனை எது என்பதில்தான் கதை நீண்டது. மூன்று வழி சொன்னார். ஒன்று சி.ரி கொரொனறி அஞ்சியோகிராம். கையில் ஊசியால் சாயம் ஏற்றி, துடிப்பை 60 அளவுக்கு மருந்தால் இறக்கி, மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள், குழாய்க்குள் அடைப்பு இருக்கிறதா என்று தெரியும். அது சுத்தமாக வந்தால் பெரும்பாலும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். குழாயில் சுண்ணாம்பு அதிகம் படிந்தவர்களுக்கு மட்டும் படம் மங்கலாகும். இரண்டாவது ஸ்ட்ரெஸ் எக்கோ. நடக்க வைத்து, அல்லது நடக்க முடியாதவர்களுக்கு மருந்து ஏற்றி, இதயத் தசை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சுருங்குகிறதா என்று ஸ்கானில் பார்ப்பது. சாயம் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. மூன்றாவது நேரே கையின் நாடியில் குழாய் விட்டு எடுக்கும் அஞ்சியோகிராம், கவுண்டரில் விற்றது அதைத்தான். முதல் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அத்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒண்டு வாய்க்கால் தூர்ந்திருக்கோ எண்டு பாக்கிறது, மற்றது கடைசி வயலுக்குத் தண்ணி போகுதோ எண்டு பாக்கிறது, அப்பிடித்தானே டொக்டர்?” என்று கேட்டார். டொக்டர் சிரித்துவிட்டு, அதேதான் என்றார். வன்னியில் பிறந்து வளர்ந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டொக்டர் அடுத்துப் பார்த்தது கிரியற்றினின், சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடுவது அது. அத்தானுக்கு 1.6. சிறுநீரகம் வடிகட்டும் அளவு ஐம்பது சொச்சம். நெடுங்கேணி இருப்பது வவுனியா வடக்கில், காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் பரவலாக உள்ள மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. அந்தப் பக்கம் வயலில் உழைத்த ஆம்பிளை ஒருவரை, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய அயடீன் சாயம் ஏற்ற அனுப்ப முதல் கிரியற்றினின் பார்த்தாயா என்று கேட்பது யாருடைய வேலை? தனியார் நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை, கொழும்புப் பதிவுக்கு அடையாள அட்டை இலக்கம் மட்டும் கேட்டார்கள். டொக்டர் பயமுறுத்தவும் இல்லை. இந்த அளவில் சாயம் முற்றாகத் தடையில்லை, முப்பதுக்குக் கீழே போனால்தான் பெரிய யோசனை என்றார். ஆனால் சி.ரிக்கு ஒரு சாயம், அதில் ஏதாவது தெரிந்தால் அஞ்சியோவுக்கு இன்னொரு சாயம் என்று அடுத்தடுத்து ஏற்றுவதை விட, சாயமில்லாத பரிசோதனை ஒன்று பதில் தருமென்றால் அதை முதலில் செய்து பார்ப்போமே என்றார்.

நேரே அஞ்சியோ செய்து அடைப்பைத் திறந்துவிட்டால் கதை முடிந்துவிடுமே என்று அக்கா கேட்டா. எல்லாரும் கேட்கும் கேள்விதான், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2020இல் வெளியான இஸ்கீமியா என்ற பெரிய ஆய்வு, 37 நாடுகளில் 5179 பேரைச் சேர்த்துச் செய்தது, இதைத்தான் பார்த்தது. பரிசோதனையில் இரத்தக் குறைவு நன்றாகத் தெரிந்த, ஆனால் நிலையாக இருந்த ஆட்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே அஞ்சியோவும் தேவையான இடத்தில் ஸ்ரென்ட் அல்லது பைபாஸும், மறு பாதிக்கு முதலில் மருந்து மட்டும். மூன்று வருடத்துக்குச் சற்று மேலான காலத்தில், இறப்பிலோ மாரடைப்பிலோ இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நெஞ்சு நோ அடிக்கடி வந்தவர்களுக்கு மட்டும் அஞ்சியோ பக்கத்தில் நோ நன்றாகக் குறைந்தது. இடது பிரதான குழாயில் அடைப்பு உள்ளவர்களையும் இதயம் மிகப் பலவீனமானவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அவர்களுக்கு இது பொருந்தாது.

உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுக்கி வியர்த்து ஊற்றுபவர்களுக்கும் இந்தக் கதை எதுவும் பொருந்தாது. முந்தி நடந்தால் மட்டும் வந்த நோ இப்போது கொஞ்ச நடைக்கே வருகிறது, அல்லது நித்திரையில் எழுப்புகிறது என்றாலும் அப்படித்தான். அது 1990க்கு அடித்து அம்புலன்ஸில் ஏறும் விசயம். ட்ரெட்மில் இலக்கம் வரும்வரை, கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

சாதாரண எக்கோவில் இதயம் சுருங்கும் பலம் நன்றாக இருந்தது. அஸ்பிரின், அட்டோவாஸ்ரற்றின், பிசோப்ரலோல், அவசரத்துக்கு நாக்கின் கீழ் வைக்க ஜிரிஎன் குளிசை என்று அன்றைக்கே தொடங்கினார்கள். ஸ்ட்ரெஸ் எக்கோவைக் கொழும்பில் செய்தோம், வெள்ளவத்தையில் அக்காவின் மகள் இருப்பதால் தங்குமிடப் பிரச்சினை இல்லை. எந்தக் குளிசையை எப்போது நிறுத்துவது என்று அங்கே போனிலேயே சொன்னார்கள், எழுதியும் அனுப்பினார்கள். முடிவில், உச்சத் துடிப்பில் ஒரு சின்னப் பகுதி மட்டும் கொஞ்சம் சோம்பலாகச் சுருங்கியது, மற்றதெல்லாம் நல்லது. பெரிய பகுதி பாதிக்கவில்லை என்பதால், மருந்தோடு இருந்து பார்ப்பதா, இப்போதே அஞ்சியோவுக்குப் போவதா என்ற தீர்மானத்தைக் கிளினிக் டொக்டர் அத்தானிடமே விட்டார். மருந்து என்றார் அத்தான். இளைப்பு குறையாவிட்டாலோ கூடினாலோ அஞ்சியோவுக்குப் போகலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் செய்கிறார்கள், காத்திருக்க வேண்டும், ஆனால் காசில்லை. இப்போது இளைப்பு குறைவு. பசளைப் பையை லாண்ட்மாஸ்டரில் ஏற்றி வரம்பு வரை கொண்டுபோகிறார், அதற்கு மட்டும் முகம் சுளிக்கிறார்.

விலை எழுதவில்லை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. போன் எடுக்கும்போது டொக்டர் காசு, நிலையத்தின் காசு, றிப்போர்ட் காசு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரே கேள்வியாகக் கேளுங்கள், தனித்தனியாகக் கேட்டால் கடைசியில் ஒன்று மறந்துபோய்க் கூடும். காத்திருக்கும் இடத்தில் விசிறி இருக்கிறது, ரீவியில் நாடகம் ஓடுகிறது, கரண்ட் நின்றால் ஜெனரேற்றர் உடனே பிடிக்கிறது. படி இல்லை, வயதானவர்களுக்கு வசதி. வாகனம் விட இடம் இல்லை, வீதியோரம்தான்.

அத்தானின் தம்பிக்கும் இப்போது செய்யச் சொல்லியிருக்கிறார்கள், குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களையும் பார்ப்பார்களே. அதே நிலையத்துக்குத்தான் கூட்டிப் போகப் போகிறேன், அந்த மிஸியும் டொக்டரும் நிற்கும் நாளாகக் கேட்டுப் பதிந்துவிட்டேன். கால்சட்டையும் சப்பாத்தும் நாங்களே கொண்டுபோகிறோம். ஈசிஜிப் பக்கங்கள் முழுவதும் வேண்டும் என்று காசு கட்ட முதலே பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லப் போகிறேன், எழுத மாட்டோம் என்றால் நட்சத்திரம் இரண்டாகும்.